வணிகக் கட்டடங்களில் விளக்குச் செலவைக் குறைப்பது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அலுவலகம், கடை, மருத்துவமனை, கிடங்கு, விடுதி என்று கட்டடம் எதுவானாலும் அதைப் பராமரிப்பவர்கள் முதலில் கேட்பது "எந்த விளக்கு வாங்கலாம்?" என்பதைத்தான். அதற்கு முன்னால் கேட்க வேண்டியவை மூன்று: எங்கே வெளிச்சம் வேண்டும், எவ்வளவு வேண்டும், எத்தனை மணி நேரம் வேண்டும். இவற்றுக்குப் பதில் தெரியாமல் வாங்கிய நல்ல விளக்கு பாதி மிச்சத்தைத்தான் தரும். கீழே உள்ள பதில்களும் அந்த வரிசையிலேயே போகின்றன.

ஏசிதானே அதிகம் மின்சாரம் இழுக்கிறது? விளக்கிலிருந்து ஏன் தொடங்க வேண்டும்?

பெரும்பாலான கட்டடங்களில் ஏசிதான் அதிகம் இழுக்கும், உண்மை. ஆனால் ஏசியை மாற்றுவது பெரிய முதலீடு. வேலையையும் நிறுத்த வேண்டியிருக்கும். விளக்கை ஒவ்வொரு தளமாக, விடுமுறை நாட்களில் மாற்றிக்கொண்டே போகலாம்.

இன்னொரு காரணமும் உண்டு. விளக்கு எடுக்கும் மின்சாரம் ஏறக்குறைய முழுவதும் கடைசியில் அறைக்குள் வெப்பமாகத்தான் தங்குகிறது. அந்த வெப்பத்தை வெளியேற்றுவது ஏசியின் வேலை. ஒரு வாட் மின்சாரத்தில் மூன்று வாட் வெப்பத்தை வெளியேற்றும் ஏசி என்றால், விளக்கில் மூன்று வாட் குறைத்தால் ஏசியில் ஒரு வாட் தானாகக் குறையும். குளிர்ப் பிரதேசங்களில் கணக்கு மாறும். அங்கே குளிர்காலத்தில் விளக்கு தந்துவந்த வெப்பத்தை ஹீட்டர் ஈடுகட்ட வேண்டும். அதனால் இந்தக் கூடுதல் மிச்சத்தை அங்கே முழுதாகச் சேர்க்கக் கூடாது.

முதல் வேலை என்ன?

கையில் நோட்டுடன் கட்டடத்தை இரண்டு தடவை சுற்றி வாருங்கள். ஒரு தடவை நண்பகலில், இன்னொரு தடவை எல்லாரும் கிளம்பிப் போன பிறகு. ஒவ்வொரு இடத்திலும் எத்தனை விளக்கு, ஒவ்வொன்றும் எத்தனை வாட், ஒரு நாளில் எத்தனை மணி நேரம் எரிகிறது என்று எழுதிக்கொள்ளுங்கள். முதல் இரண்டையும் கண்ணால் பார்த்தே எழுதிவிடலாம். மூன்றாவதைத்தான் எல்லாரும் உத்தேசமாக எழுதிவிடுகிறார்கள், கணக்கு தப்புவதும் அங்கேதான்.

எரியும் நேரம் காவலாளிக்கும் துப்புரவுப் பணியாளருக்கும்தான் சரியாகத் தெரியும். அவர்களிடம் கேளுங்கள். காலை ஆறு மணிக்குக் கூட்ட வருபவருக்கு ஒரு மூலையில் வெளிச்சம் போதும். ஆனால் தளம் முழுவதற்கும் ஒரே சுவிட்ச். அதைப் போட்டால் நாற்பது விளக்கும் சேர்ந்து எரியும். கூட்டி முடித்ததும் அணைப்பதில்லை, ஏனென்றால் இன்னும் கொஞ்ச நேரத்தில் ஆட்கள் வந்துவிடுவார்கள். இப்படி ஒவ்வொரு நாளும் மூன்று மணி நேரம் ஆளில்லாத தளம் பளிச்சென்று இருக்கும். இங்கே விளக்கை மாற்றுவதைவிட அந்த ஒரு சுவிட்சை நான்காகப் பிரிப்பது முக்கியம்.

ஆண்டு முழுதும் அணையாத விளக்குகளைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள்: மாடிப்படி, அடித்தள வாகன நிறுத்தம், லிஃப்ட் உட்புறம், 'வெளியேறும் வழி' பலகைகள். ஓர் ஆண்டுக்கு 8,760 மணி நேரம். இரண்டு 20 வாட் குண்டு பல்பு போட்ட பழைய வழிகாட்டிப் பலகை ஒன்று ஆண்டுக்கு ஏறக்குறைய 350 யூனிட் இழுக்கும். 5 வாட் எல்.இ.டி. பலகைக்கு 44 யூனிட் போதும். கண்ணில் படாத இந்தச் சின்ன விளக்குகளை முதலில் மாற்றுங்கள்.

எவ்வளவு மிச்சமாகும் என்று நானே கணக்குப் போட முடியுமா?

முடியும், கூட்டல் பெருக்கல் தெரிந்தால் போதும். பழைய வகைக் காந்தச் சோக்கோடு இருக்கும் 36 வாட் டியூப்லைட்டை எடுத்துக்கொள்வோம். டியூப் மேல் 36 என்று எழுதியிருந்தாலும் சோக்கும் சேர்ந்து 45 வாட் வரை இழுக்கும். அந்த இடத்தில் 18 வாட் எல்.இ.டி. வந்தால் ஒரு விளக்குக்கு 27 வாட் மிச்சம். 200 விளக்குக்கு 5,400 வாட், அதாவது 5.4 கிலோவாட். நாளுக்கு 12 மணி நேரம், ஆண்டுக்கு 300 நாள் என்றால் 3,600 மணி நேரம். பெருக்கினால் ஆண்டுக்கு 19,440 யூனிட். அந்த நேரம் முழுதும் ஏசி ஓடும் கட்டடமாக இருந்தால் அதில் மூன்றில் ஒரு பங்கை, சுமார் 6,480 யூனிட்டை, மேலே சேர்க்கலாம்.

இந்த யூனிட்டை உங்கள் கட்டண விகிதத்தால் பெருக்குங்கள். மொத்தச் செலவை அந்தத் தொகையால் வகுத்தால் போட்ட பணம் எத்தனை ஆண்டில் திரும்பும் என்று தெரியும். பழைய டியூப், ஸ்டார்ட்டர் மாற்றும் செலவும் ஆள்கூலியும் இனி குறையும். அதையும் மிச்சத்தில் சேர்த்துக்கொள்ளலாம்.

உச்ச மின்தேவைக்கு (ஒரே நேரத்தில் அதிகபட்சமாக இழுக்கும் கிலோவாட்டுக்கு) தனிக் கட்டணம் உள்ள இணைப்பு என்றால், அந்த 5.4 கிலோவாட் அங்கேயும் பலன் தரும். இதைப் பலர் கணக்கில் எடுப்பதே இல்லை.

எல்.இ.டி. நிஜமாகவே அவ்வளவு சிக்கனமா?

ஒரு வாட்டுக்கு எத்தனை லூமென் வெளிச்சம் வருகிறது என்று பார்த்தால் விளங்கிவிடும். குண்டு பல்பு 10 முதல் 17 லூமென் தருகிறது. சி.எஃப்.எல். 50 முதல் 70. நல்ல டி8 டியூப் (ஓர் அங்குலத் தடிமன் உள்ள டியூப்லைட்) 80 முதல் 95. சந்தையில் கிடைக்கும் நல்ல எல்.இ.டி. விளக்குகள் 100 முதல் 150 வரை தருகின்றன, அதற்கு மேலும் உண்டு. தவிர, டியூப்லைட் சுற்றிலும் வெளிச்சத்தை வீசும். அதில் பாதி மேற்கூரைப் பக்கம் போய்த் திரும்பி வர வேண்டும். எல்.இ.டி. தேவையான பக்கம் மட்டும் வீசுவதால் அந்த இழப்பும் குறைவு.

வெள்ளை எல்.இ.டி.க்கு அடிப்படை நீல எல்.இ.டி. அதைச் சாத்தியமாக்கிய இசாமு அகசாகி, ஹிரோஷி அமானோ, ஷூஜி நகமுரா ஆகிய மூவருக்கும் 2014-ல் இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது. இன்று நம் அலுவலகக் கூரைகளில் எரிவது அந்த உழைப்பின் பலன்.

பழைய விளக்கு ஒன்றுக்குப் புது விளக்கு ஒன்று என்று மாற்றிவிடலாமா?

வேண்டாம். பலரும் வாய்ப்பைக் கோட்டை விடுவது இந்த இடத்தில்தான். பழைய விளக்குகளை யார், எந்தக் கணக்கில் வைத்தார்கள் என்று பெரும்பாலும் யாருக்கும் தெரியாது. பல நடைபாதைகள் மேசை அறைகளைவிடப் பிரகாசமாக இருக்கும். ஒன்றுக்கு ஒன்று மாற்றினால் அந்தத் தவறும் அடுத்த பத்தாண்டுக்குத் தொடரும்.

ஒரு லக்ஸ் மீட்டர் (ஓரிடத்தில் விழும் வெளிச்சத்தை லக்ஸ் அலகில் அளக்கும் கருவி) வாங்குங்கள், அல்லது இரவல் வாங்குங்கள். படிக்கும், எழுதும், கணினியில் வேலை செய்யும் மேசைமீது 500 லக்ஸ் என்பது ஐரோப்பியத் தரநிலை ஈ.என். 12464-1 சொல்லும் அளவு. வரவேற்பு மேசைக்கு 300. நடைபாதைக்கு 100. அளக்கும்போது மீட்டரைத் தரையில் வைக்காமல் மேசை உயரத்தில் வையுங்கள், உங்கள் நிழல் அதன்மேல் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பகல் வெளிச்சம் கலக்காமல் இருக்க இரவில் அளப்பது நல்லது.

நடைபாதையில் 300 லக்ஸ் காட்டினால் பாதி விளக்கைக் கழற்றிவிடலாம். கழற்றிய விளக்குக்கு வாங்கும் செலவும் இல்லை, மின்செலவும் இல்லை. மேசைக்கு 500 வேண்டும் என்பதற்காக அறை முழுவதையும் 500-க்கு உயர்த்தவும் தேவையில்லை. பொது வெளிச்சத்தை 300 அளவில் வைத்துவிட்டு மேசைக்கு ஒரு சிறு விளக்கு கொடுத்தால் கண்ணுக்கும் நல்லது.

இந்தத் துறை எவ்வளவு தூரம் வந்திருக்கிறது என்பதற்கு கட்டட மின்சிக்கனத்துக்கான அமெரிக்கத் தரநிலையான ஆஷ்ரே 90.1 நல்ல சாட்சி. அலுவலகக் கட்டடத்தில் விளக்குக்கு 2004-ல் ஒரு சதுர அடிக்கு 1.0 வாட் வரை அனுமதித்தது. 2019 பதிப்பில் அது 0.64 வாட்டாக இறங்கிவிட்டது. உங்கள் கட்டடத்தின் மொத்த விளக்கு வாட்டைப் பரப்பளவால் வகுத்து இந்த எண்ணோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

டியூபை மட்டும் மாற்றலாமா, முழு ஃபிட்டிங்கையும் மாற்ற வேண்டுமா?

ஃபிட்டிங் நல்ல நிலையில் இருந்தால் டியூபை மட்டும் மாற்றலாம். ஆனால் எந்த வகை டியூப் என்று தெரிந்து வாங்குங்கள். ஒரு வகை, பழைய சோக்கை வைத்துக்கொண்டே எரியும். மாற்றுவது சுலபம், ஆனால் சோக் தொடர்ந்து மின்சாரம் தின்னும். அது பழுதானால் விளக்கும் அணையும். இன்னொரு வகை, சோக்கை எடுத்துவிட்டு நேரடியாக மின் இணைப்பில் எரிவது. வயரிங் மாற்ற வேண்டும், எலக்ட்ரீஷியன்தான் செய்ய வேண்டும். நீண்ட நாளைக்கு இதுவே மேல் என்பது என் கருத்து. மாற்றிய ஃபிட்டிங்கில் 'சோக் இல்லை, எல்.இ.டி. மட்டும்' என்று ஸ்டிக்கர் ஒட்டிவிடுங்கள். நாளை யாரோ ஒருவர் பழைய டியூபை அதில் மாட்டினால் ஆபத்து. மூன்றாவது வகையில் டிரைவர் (எல்.இ.டி.க்கு ஏற்றபடி கரண்ட் கொடுக்கும் மின்சுற்று) வெளியே தனியாக இருக்கும். டிம்மிங், அதாவது வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் வசதி, வேண்டும் என்றால் இது பொருத்தம்.

துருப்பிடித்த, மஞ்சளித்த, மூடி உடைந்த ஃபிட்டிங் என்றால் யோசிக்காமல் முழுதாக மாற்றுங்கள்.

கடைகளில் இருக்கும் 50 வாட் ஹாலஜன் ஸ்பாட் விளக்குக்கு 6, 7 வாட் எல்.இ.டி. போதும். அப்படி மாற்றியதும் மினுக்கினால், பழைய எலக்ட்ரானிக் டிரான்ஸ்ஃபார்மரே காரணமாக இருக்கலாம். அது வேலை செய்யக் குறைந்தபட்ச லோடு வேண்டும், புது விளக்கு அவ்வளவு இழுப்பதில்லை. டிரான்ஸ்ஃபார்மரையும் சேர்த்து மாற்றினால் சரியாகிவிடும்.

வாங்கும்போது பெட்டியில் என்ன பார்க்க வேண்டும்?

வாட்டைப் பார்க்காதீர்கள், லூமென் பாருங்கள். அப்புறம் நிறம் காட்டும் திறன், அதாவது சி.ஆர்.ஐ. அலுவலகத்துக்கு 80-க்குக் குறையக் கூடாது. துணி, காய்கறி, நகை விற்கும் இடத்துக்கு 90 தேடுங்கள். நிற வெப்பநிலை (வெளிச்சம் வெண்மையா மஞ்சளா என்பதைச் சொல்லும் எண்; குறையக் குறைய மஞ்சள்) வேலை செய்யும் இடத்துக்கு 4,000 கெல்வின், ஓய்வாக உட்காரும் இடத்துக்கு 3,000 கெல்வின். ஒரே தளத்தில் இரண்டையும் கலந்து போட்டால் பார்க்கவே ஒட்டாது. பவர் ஃபேக்டர் (இழுக்கும் கரண்டில் எவ்வளவு பங்கு உண்மையில் பயன்படுகிறது என்பதைக் காட்டும் எண்) 0.9-க்கு மேல் இருக்கட்டும்.

மினுக்கல் இருக்கிறதா என்று கடையிலேயே சோதித்துவிடலாம். போன் கேமராவை ஸ்லோமோஷனில் வைத்து எரியும் விளக்கைப் படமெடுங்கள். படத்தில் வெளிச்சம் துடிப்பது தெளிவாகத் தெரிந்தால் அந்த விளக்கை விட்டுவிடுங்கள். கண்ணுக்கு நேரடியாகத் தெரியாத மினுக்கலும் தலைவலி, கண்சோர்வு தரக்கூடும். நாள் முழுக்க அதன் கீழே உட்காரப் போவது மனிதர்கள். இதில் விலையைப் பார்த்துச் சமரசம் செய்யவே கூடாது.

சென்சார் எங்கெல்லாம் பயன்படும்?

ஆட்கள் வந்து வந்து போகும் இடங்களில்: கழிப்பறை, கூட்ட அறை, ஸ்டோர் ரூம், மாடிப்படி, வாகன நிறுத்தம். எப்போதும் ஆள் இருக்கும் பெரிய கூடத்தில் பெரிதாகப் பலன் இல்லை.

சென்சார் வகையைத் தவறாகத் தேர்ந்தெடுத்தால் ஒரே வாரத்தில் யாராவது அதன்மேல் டேப் ஒட்டி மறைத்துவிடுவார்கள். கழிப்பறையை எடுத்துக்கொள்ளுங்கள். வெப்ப அசைவைக் கண்டறியும் பி.ஐ.ஆர். சென்சார், தனக்கு நேரே தெரிவதை மட்டும்தான் உணரும். கதவுக்கு மேலே அதை வைத்தால், உள்ளே தடுப்புக்குப் பின்னால் இருப்பவர் அதற்குத் தெரியமாட்டார். பத்தாவது நிமிடம் விளக்கு அணைந்து அவர் இருட்டில் உட்கார்ந்திருப்பார். அங்கே ஒலியலையால் அசைவை உணரும் அல்ட்ராசோனிக் வகை வேண்டும், அல்லது தடுப்புக்கு உள்பக்கத்தைப் பார்க்கும்படி கூரையில் கூடுதலாக ஒரு சென்சார் வேண்டும். எப்படியும் ஒரு விளக்கு எப்போதும் எரியட்டும். மைக்ரோவேவ் சென்சாருக்கு நேர்மாறான சிக்கல்: கண்ணாடியும் மெல்லிய சுவரும் அதற்குத் தடையில்லை. வெளியே நடைபாதையில் போகிறவரைப் பார்த்துக்கூட உள்ளே விளக்கைப் போட்டுவிடும்.

ஜன்னல் உள்ள தனி அறைகளுக்கு, கையால் போட்டு, ஆள் போனதும் தானாக அணையும் அமைப்பு மிகச் சிறந்தது. பகலில் வெளிச்சம் போதும் என்று பலர் சுவிட்சைத் தொடவே மாட்டார்கள்.

ஒரு எச்சரிக்கை. 45 வாட் விளக்கை அணைத்தால் கிடைக்கும் மிச்சம், 18 வாட் விளக்கை அணைத்தால் கிடைக்காது. எல்.இ.டி.க்கு மாறிய பிறகு விளக்குக்கு ஒரு சென்சார் என்று வாங்கினால் பல இடங்களில் போட்ட காசு திரும்பாது. ஆறு, எட்டு விளக்குகளுக்குச் சேர்த்து ஒன்று என்று திட்டமிடுங்கள்.

பகல் வெளிச்சத்தை எப்படிப் பயன்படுத்துவது?

ஜன்னலின் மேல் விளிம்பு தரையிலிருந்து எவ்வளவு உயரமோ, அதைப்போல ஒன்றரை முதல் இரண்டு மடங்கு தூரம் வரை பகல் வெளிச்சம் உள்ளே பயன்படும்படி வரும். அந்தப் பட்டைக்குள் இருக்கும் விளக்குகள் தனிச் சுவிட்சில் இருக்க வேண்டும். பல கட்டடங்களில் விளக்கு வரிசையின் இணைப்பு ஜன்னலிலிருந்து உள்ளே போகும் திசையில் இருக்கும். அதனால் ஜன்னலோர விளக்கை மட்டும் அணைக்கவே முடியாது. ஜன்னலுக்கு இணையாக வரிசைகளைப் பிரித்தால், சென்சார் இல்லாமலே மிச்சம் தொடங்கிவிடும். அதற்கு மேல் வேண்டுமென்றால் வெளிச்சத்தை அளந்து படிப்படியாக மங்கச் செய்யும் சென்சார் வைக்கலாம்.

ஆனால் முதலில் கண்கூச்சத்தைச் சரிசெய்யுங்கள். வெயில் மேசையில் நேராக விழுந்தால் திரையை இழுத்துவிடுவார்கள், விளக்கைப் போடுவார்கள், மாலை வரை இரண்டும் அப்படியே இருக்கும். வெளியே ஒரு வெயில் மறைப்போ, மேல்பாதி வெளிச்சத்தை உள்ளே விடும் திரையோ இல்லாமல் எவ்வளவு நல்ல சென்சார் வைத்தாலும் வீண்தான்.

விளக்கை அடிக்கடி போட்டு அணைத்தால் அதிக மின்சாரம் ஆகுமா?

ஆகாது. டியூப்லைட் அடிக்கடி போட்டால் அதன் ஆயுள் குறையும், அதனால்தான் அந்தப் பேச்சு வந்தது. எல்.இ.டி.க்கு அந்தக் கவலையும் பெரிதாக இல்லை.

கிடங்கு, உயரமான கூரை உள்ள இடங்களுக்கு?

அங்கே 400 வாட் மெட்டல் ஹாலைடு விளக்குகள் இருந்தால் அவற்றில்தான் பெரிய மிச்சம் காத்திருக்கிறது. சோக்கோடு சேர்த்து ஒன்று 450 வாட் அளவுக்கு இழுக்கும். 150 முதல் 200 வாட் எல்.இ.டி. அந்த வேலையைச் செய்துவிடும். அணைத்த மெட்டல் ஹாலைடு குளிர்ந்து மறுபடி முழுதாக எரியப் பத்து நிமிடத்துக்கு மேல் ஆகும். அதனாலேயே யாரும் அதை அணைப்பதில்லை, ஆளில்லாத இடைவழியிலும் எரிந்துகொண்டிருக்கும். எல்.இ.டி. உடனே எரிவதால் ஒவ்வொரு இடைவழிக்கும் சென்சார் வைக்கலாம். வாட் பாதிக்கு மேல் குறைந்த பிறகு மணி நேரமும் குறையும். ஒரு விளக்கின் வாட்டே இங்கே பெரிதென்பதால் சென்சார் செலவும் தாங்கும்.

50,000 மணி நேரம் என்று போட்ட விளக்கு ஒரே ஆண்டில் போய்விட்டதே?

அந்த எண், வெளிச்சம் ஆரம்பத்தில் இருந்ததில் 70 சதவீதமாகக் குறைய ஆகும் காலத்தைப் பற்றியது. ஒளி தரும் எல்.இ.டி. சில்லு அவ்வளவு காலம் தாங்கும். அதற்குக் கரண்ட் கொடுக்கும் டிரைவர் தாங்க வேண்டுமே! காற்றுப் புகாத மூடிய ஃபிட்டிங், சூடான ஃபால்ஸ் சீலிங், ஏறி இறங்கும் மின்னழுத்தம், மட்டமான கெப்பாசிட்டர் எல்லாம் டிரைவரைத்தான் முதலில் கொல்லும். வாங்கும்போது டிரைவருக்கும் சேர்த்து எழுத்தில் உத்தரவாதம் கேளுங்கள். ஒரு தளத்துக்கு மட்டும் முதலில் போட்டு, வெயில் காலம் ஒன்றைத் தாண்டவிட்டு, பிறகு மற்ற தளங்களுக்கு வாங்குங்கள்.

எல்.இ.டி. போட்ட பிறகு எம்.சி.பி. (கரண்ட் மிகுந்தால் இணைப்பைத் தானாகத் துண்டிக்கும் சுவிட்ச்) அடிக்கடி விழுகிறது, ஏன்?

போட்ட கணத்தில் எல்லா டிரைவரும் சேர்ந்து ஒரு நொடிக்கும் மிகக் குறைந்த நேரம் பெரிய கரண்டை இழுக்கும். வாட் குறைந்துவிட்டதே என்று ஒரே எம்.சி.பி.யில் நிறைய விளக்கைச் சேர்த்திருப்பார்கள். ஒரு எம்.சி.பி.க்கு எத்தனை டிரைவர் என்று தயாரிப்பாளர் சொல்லியிருப்பார், அதன்படி பிரியுங்கள். பி வகை எம்.சி.பி.யை, தொடக்கக் கரண்டை அதிகம் தாங்கும் சி வகையாக மாற்றினாலும் பல இடங்களில் தீரும். வயரிங் அதற்குப் பொருந்துமா என்று எலக்ட்ரீஷியன் பார்த்துச் சொல்ல வேண்டும்.

செலவே இல்லாமல் ஏதாவது செய்ய முடியுமா?

துடையுங்கள். தூசி படிந்த மூடி, வெளிச்சத்தில் கணிசமான பங்கை விழுங்கிவிடும். அடுத்த தடவை பெயின்ட் அடிக்கும்போது கூரைக்கு வெள்ளையும் சுவருக்கு வெளிர் நிறமும் கொடுங்கள். அடர்நிறச் சுவர் உள்ள அறைக்கு அதே வெளிச்சம் வரக் கூடுதல் விளக்கு வேண்டியிருக்கும்.

மிச்சமானது உண்மைதானா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

மொத்த மின்கட்டணத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். வெயில் கூடினாலோ ஆட்கள் கூடினாலோ அது ஏறும், விளக்கின் மிச்சம் அதில் மறைந்துபோகும். விளக்கு சர்க்யூட்டுக்கு மட்டும் ஒரு துணை மீட்டர் வைத்து, மாற்றுவதற்கு முன் இரண்டு வாரம், மாற்றிய பின் இரண்டு வாரம் ரீடிங் எடுங்கள். மிச்சத்தில் பங்கு என்ற ஒப்பந்தத்தில் யாராவது விளக்கு மாற்றித் தருவதாகச் சொன்னால், இந்த ரீடிங் இல்லாமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

கழற்றிய பழைய டியூப்களை என்ன செய்வது?

குப்பையில் போடாதீர்கள். ஒவ்வொன்றிலும் சில மில்லிகிராம் பாதரசம் இருக்கிறது. பாதரசத்தைக் கட்டுப்படுத்தும் மினமாட்டா உடன்படிக்கை 2013-ல் ஏற்கப்பட்டு 2017-ல் நடைமுறைக்கு வந்தது. பொதுப் பயன்பாட்டு ஃப்ளோரசன்ட் டியூப்களின் உற்பத்தியையும் ஏற்றுமதி, இறக்குமதியையும் 2027-க்குள் நிறுத்துவதென்று 2023-ல் உறுப்பு நாடுகள் முடிவெடுத்தன. ஆகவே பழைய டியூப் இனி கிடைப்பதும் கடினமாகும். ஸ்டாக் வாங்கி வைத்துச் சமாளிக்கலாம் என்ற எண்ணம் வேண்டாம்.

ஒன்று உடைந்துவிட்டால் ஜன்னலைத் திறந்துவிட்டு எல்லாரும் பத்துப் பதினைந்து நிமிடம் வெளியே இருங்கள். வேக்குவம் கிளீனர் போடக் கூடாது, பாதரசத்தை அது காற்றில் பரப்பிவிடும். கெட்டி அட்டையால் துண்டுகளை அள்ளி, ஈரத்துணியால் துடைத்து, எல்லாவற்றையும் மூடியுள்ள டப்பாவில் போட்டு, அபாயக் கழிவு எடுப்பவரிடம் கொடுங்கள். உடையாதவற்றை அனுப்புவதும் அவரிடமே. புது எல்.இ.டி. டியூப் வந்த அட்டைப் பெட்டிகளை வீசாமல் வைத்திருங்கள். நீளம் ஒன்றே என்பதால் பழையவற்றை அதிலேயே அடுக்கி அனுப்பிவிடலாம்.